கட்டுப்படியாகுமா? சிறு வியாபாரம்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்கள் இரண்டே விஷயத்தைச் சுற்றி வருகின்றன: என்ன விலை வைப்பது, எங்கே கடை போடுவது. தனித்தனியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒன்றை விட்டு இன்னொன்று நிற்பதில்லை. கீழே உள்ள எண்களை எந்த நாணயத்தில் வைத்துப் பார்த்தாலும் சரி, விகிதம் மாறாது.

கேள்வி: எழுதுபொருள் கடை நடத்துகிறேன். இரண்டு தெரு தள்ளி ஒரு பெரிய கடை திறந்து எல்லாவற்றையும் 10 சதவீதம் குறைத்து விற்கிறார்கள். நானும் குறைக்காவிட்டால் வாடிக்கை போய்விடும் என்று வீட்டில் சொல்கிறார்கள். 100-க்கு விற்றால் எனக்கு 30 நிற்கும்.

பதில்: குறைப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து இந்தக் கணக்கை எழுதிப் பாருங்கள். மாதம் 1,000 உருப்படி விற்கிறீர்கள் என்றால் கையில் நிற்பது 30,000. விலையை 90 ஆக்கினால் உருப்படிக்கு 20தான் நிற்கும். பழைய 30,000 வேண்டுமென்றால் 1,500 உருப்படி விற்றாக வேண்டும். அதே அலமாரி, அதே இரண்டு கைகள், ஒன்றரை மடங்கு வேலை.

இன்னொரு பக்கமும் பாருங்கள். விலையைக் குறைத்து ஒரு வாடிக்கையாளரைக்கூட இழக்காவிட்டாலும் உங்களுக்குக் கிடைப்பது 20,000. விலையைத் தொடாமல் மூன்றில் ஒரு பங்கு விற்பனையை இழந்தாலும் ஏறத்தாழ அதே 20,000தான். மூன்றில் ஒருவர் உங்களை விட்டுப் போகும் அளவுக்கு நிலைமை மோசமாகிவிட்டதா என்பதை முதலில் பில் புத்தகத்தில் தேடுங்கள். பயத்தில் விலையைக் குறைத்த கடைகள் முதலுக்கே மோசம் செய்துகொள்வது இந்த இடத்தில்தான்.

எல்லாவற்றிலும் குறைக்க வேண்டாம், சிலவற்றில் குறையுங்கள். கடைசி மூன்று மாத பில்களைப் புரட்டினால், விலை மனப்பாடமாகத் தெரிந்து மக்கள் வாங்கும் பொருட்கள் 15 அல்லது 20 தேறும். நோட்டுப் புத்தகம், அன்றாடப் பேனா, அச்சடிக்கும் தாள் போன்றவை. கடை மலிவா, விலை கூடுதலா என்று ஆட்கள் முடிவு கட்டுவது அவற்றை வைத்துத்தான். அவற்றில் மட்டும் பெரிய கடையின் விலைக்கு இறங்கி, அதை வாசலில் எழுதிப் போடுங்கள். கோப்பு உறை, பசை, பிரஷ், வரைபடத் தாள் ஆகியவற்றின் விலையைத் தொடாதீர்கள். ஒரு பிரஷ்ஷின் விலை இரண்டு கடையில் எவ்வளவு என்று ஒப்பிட்டு வருகிறவர் அபூர்வம்.

பெரிய கடை செய்யாத வேலையும் உண்டு. ஒற்றைத் தாளாகக் கொடுப்பது, புத்தகத்துக்கு அட்டை போடுவது, கேட்ட பொருளை இரண்டு நாளில் வரவழைத்துத் தருவது. இவற்றுக்குத் தயங்காமல் கூலி வாங்குங்கள்.

கேள்வி: அடக்க விலையோடு 25 சதவீதம் சேர்த்து விற்கிறேன். ஆனால் ஆண்டுக் கணக்கில் 25 சதவீத லாபம் வருவதே இல்லை. எங்கே போகிறது?

பதில்: எங்கேயும் போகவில்லை, அது முதலிலேயே 20 சதவீதம்தான். 80-க்கு வாங்கியதில் 25 சதவீதம் சேர்த்தால் 100. அந்த 100-இல் லாபம் 20. விற்பனையில் 25 சதவீதம் நிற்க வேண்டுமென்றால் அடக்க விலையில் மூன்றில் ஒரு பங்கைச் சேர்க்க வேண்டும், பாதி நிற்க வேண்டுமென்றால் இரட்டிப்பாக்க வேண்டும். இந்தக் குழப்பம் தள்ளுபடியின்போதுதான் கடிக்கும். 25 சேர்த்தவர் ‘20 சதவீதம் தள்ளுபடி’ என்று பலகை வைத்தால் அடக்க விலைக்கே விற்கிறார். கார்டுக்கான கட்டணம், உடைசல், அழுக்கான சரக்கு எல்லாம் அதற்குமேல் கைநஷ்டம்.

கேள்வி: தையல் கடை வைக்க இரண்டு இடம் பார்த்திருக்கிறேன். ஒன்று மெயின் ரோட்டில், இன்னொன்று உள் சந்தில். ரோட்டுக் கடைக்கு வாடகை இரண்டரை மடங்கு. எதை எடுப்பது?

பதில்: இதற்கு நின்று எண்ணித்தான் விடை காண வேண்டும். எண்ணாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஒரு வேலை நாள், ஒரு விடுமுறை நாள் என்று குறைந்தது இரண்டு நாள் ஒதுக்குங்கள். கடை திறக்கும் நேரத்திலிருந்து சாத்தும் நேரம் வரை ஒவ்வொரு மணியிலும் 15 நிமிடம் எண்ணி, நான்கால் பெருக்குங்கள். கடை இருக்கும் பக்கம் நடப்பவர், எதிர்ப்பக்கம் நடப்பவர், வண்டியில் போகிறவர் என்று மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள். நடுவே தடுப்புச் சுவர் உள்ள சாலையில் எதிர்ப்பக்கத்து ஆட்களை உங்கள் கணக்கில் சேர்க்கவே கூடாது. நடையையும் கவனியுங்கள். பேருந்தைப் பிடிக்க ஓடுகிற 500 பேரைவிட, கையில் பையோடு கடை கடையாகப் பார்த்து நடக்கிற 100 பேர் உங்களுக்கு மேல்.

அடுத்து, அதே வரிசையில் உங்களுடையதுபோன்ற ஒரு கடை எதிரே நில்லுங்கள். தாண்டிப் போகிற 100 பேரில் எத்தனை பேர் உள்ளே நுழைகிறார்கள், அவர்களில் எத்தனை பேர் வேலை கொடுத்துவிட்டு வெளியே வருகிறார்கள் என்று குறியுங்கள். உதாரணத்துக்கு, ரோட்டில் ஒரு நாளைக்கு 800 பேர் நடக்கிறார்கள், 100-க்கு 2 பேர் நுழைகிறார்கள், அதில் பாதிப் பேர் வேலை கொடுக்கிறார்கள் என்றால் 8 வேலை. சந்தில் இதே கணக்கு 2 என்று வந்தால் வித்தியாசம் நாளைக்கு 6. மாதம் 26 நாள் கடை திறந்தால் 156 வேலை. வாடகை வித்தியாசத்தை 156-ஆல் வகுங்கள். ரோட்டால் கூடுதலாக வரும் ஒவ்வொரு வேலையிலிருந்தும் கட்டிட உரிமையாளருக்குப் போகும் தொகை அது. நூல், லைனிங், பட்டன், பீஸ் கூலி கழித்து ஒரு வேலையில் உங்களுக்கு நிற்பதில் அது பாதியைத் தாண்டினால் ரோட்டுக் கடை வேண்டாம் என்பது எங்கள் கருத்து. நீங்கள் எண்ணியது இரண்டே நாள்தான். எண்ணிக்கை பிசகினாலும் தாங்குவதற்கு அந்த மறுபாதி வேண்டும்.

பலரும் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை உருப்படி உங்களால் தைக்க முடியும்? ஒரு மெஷின், ஒரு ஆள், நாளைக்கு 4 என்றால் ரோட்டில் வரும் 8 வேலையில் 4 அப்படியே தேங்கும். சொன்ன தேதிக்குக் கொடுக்க முடியாது. இரண்டு முறை வெறும் கையோடு திரும்பியவர் மூன்றாம் முறை வரமாட்டார். அந்த நிலையில் ரோட்டுக் கடைக்கு இரண்டே வழி: இன்னொரு மெஷினும் ஆளும், அல்லது 4 பேர் மட்டும் சம்மதிக்கும் அளவுக்குக் கூடுதல் கூலி. இரண்டுக்கும் வழியில்லை என்றால் சந்துதான் உங்கள் இடம்.

தொழிலின் தன்மையும் உண்டு. புதுத் துணி தைக்கக் கொடுப்பவர் நினைத்துக்கொண்டே தேடி வருகிறார். அளவு நன்றாக இருந்தால் சந்துக்கும் வருவார். கால் பக்கம் மடிப்பது, ஜிப் மாற்றுவது போன்ற சில்லறை வேலை போகிற போக்கில் கொடுப்பது. அதற்கு ரோடு வேண்டும். உங்கள் வருமானம் எதில் என்று பாருங்கள்.

பார்க்கும்போது கவனிக்க இன்னும் சில. வாசலில் இரண்டு படிக்கு மேல் இருந்தால் வயதானவர்கள் ஏறத் தயங்குவார்கள். மாலை வெயில் முகப்புக் கண்ணாடியில் விழுந்தால் காட்சிக்கு வைத்த துணி வெளுக்கும். வண்டி நிறுத்த இடமில்லாத இடத்தில் வண்டிக்காரரை எண்ணிப் பயனில்லை. பெயர்ப் பலகையில் எழுத்தின் உயரம், 3 மீட்டர் தூரத்துக்கு ஏறத்தாழ 2.5 செ.மீ. இருந்தால் நன்றாகப் படிக்கலாம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி வினாடிக்கு 11 மீட்டர் கடக்கும். 30 மீட்டர் முன்பே படித்தால்தான் வேகத்தைக் குறைக்க நேரம் இருக்கும். அதற்கு 25 செ.மீ. எழுத்து வேண்டும். அதே கடையில் முன்பு இருந்தவர்கள் ஏன் காலி செய்தார்கள் என்று உரிமையாளரிடம் அல்ல, பக்கத்துக் கடைக்காரரிடம் கேளுங்கள்.

கேள்வி: போட்டிக் கடைக்குப் பக்கத்திலேயே கடை போடுவது தற்கொலையா?

பதில்: சரக்கைப் பொறுத்தது. 1929-இல் ஹெரால்டு ஹோட்டலிங் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர், நேரான ஒரு தெருவில் ஒரே சரக்கை விற்கும் இருவர் வாடிக்கையாளரைப் பிடிக்க நடுவை நோக்கி நகர்ந்து அருகருகே வந்துவிடுவார்கள் என்று காட்டினார். அதில் ஓட்டை இருந்தது. 1979-இல் மூன்று ஆய்வாளர்கள், மிக அருகில் வந்த இருவரும் விலையை வெட்டத் தொடங்கினால் அந்தக் கணக்கு நிற்காது என்றும், தூரம் கூடக் கூட வாடிக்கையாளரின் அலைச்சல் வேகமாகக் கூடும் இடத்தில் விலகி இருப்பதே இருவருக்கும் லாபம் என்றும் நிறுவினார்கள்.

கடைக்கு இதைப் பொருத்தினால், கண்ணாடி பிரேம், நகை, மரச்சாமான் போன்று நாலு கடை ஏறி இறங்கி வாங்கும் பொருளுக்கு வரிசையோடு சேருங்கள். அந்த வரிசையைத் தேடித்தான் ஆள் வருகிறார். எங்கே வாங்கினாலும் ஒன்றுதான் என்கிற பொருளுக்கு விலகி, வீடுகளுக்கு அருகில் போங்கள். பக்கத்தில் இருந்தே தீர வேண்டும் என்றால் அவர்கள் வைக்காத ரகத்தை வையுங்கள்.

கேள்வி: முடிதிருத்தகம் வைத்திருக்கிறேன். மூன்று ஆண்டாகக் கட்டணம் ஏற்றவில்லை. ஏற்றினால் ஓடிவிடுவார்களோ என்று பயம்.

பதில்: உங்கள் பயத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 100 வாங்கினால் பொருள் செலவு 20 என்று வைத்தால் 80 நிற்கிறது. 10 சதவீதம் ஏற்றினால் 90. அதாவது 100-இல் 11 பேர் போனால் பழைய நிலைக்கு வந்துவிடுவீர்கள். 20 மட்டும் நிற்கும் மளிகைக்காரர் 10 சதவீதம் ஏற்றினால் 100-க்கு 33 பேர் போகும்வரை தாங்குவார். பொருள் செலவு குறைந்த சேவைத் தொழிலில் போகிற ஒவ்வொருவரின் இழப்பும் வலிக்கும்.

அதனால் மொத்தமாக ஏற்றாமல் நெரிசலில் ஏற்றுங்கள். விடுமுறை நாளில் ஆட்கள் காத்திருந்து திரும்பிப் போகிறார்களா? அந்த நாளின் கட்டணத்தை முதலில் கூட்டுங்கள். வேலை நாள் மதியத்தில் காலி நாற்காலி இருந்தால் பழைய கட்டணத்தை அங்கே வையுங்கள். இரண்டு வாரம் முன்பே தேதியோடு அறிவிப்பு ஒட்டுங்கள். பழைய அட்டையில் பேனாவால் திருத்தாதீர்கள், புதிதாக அச்சடியுங்கள். அடித்துத் திருத்திய விலையைப் பார்த்தால் பேரம் பேசத் தோன்றும். நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை வரும் தொழில் இது, எனவே முதல் வாரக் கல்லாவைப் பார்த்துப் பதறாமல் எட்டு வாரம் கழித்து எண்ணுங்கள். இனி மூன்று ஆண்டு காத்திருக்கவும் வேண்டாம், ஆண்டுக்கு ஒருமுறை சிறிதாக ஏற்றினால் யாரும் திடுக்கிட மாட்டார்கள்.

கேள்வி: வியாபாரம் நன்றாகத்தான் போகிறது. ஆனால் உரிமையாளர் ஆண்டுக்கு 10 சதவீதம் வாடகை ஏற்றுகிறார். எப்போது காலி செய்வது?

பதில்: ஆண்டுக்கு 10 என்பது ஏழு ஆண்டில் ஏறத்தாழ இரட்டிப்பு. அதை விற்பனையாக மாற்றிப் பாருங்கள். 30 சதவீதம் நிற்கும் கடையில் வாடகை 6,000 கூடினால் விற்பனை 20,000 கூட வேண்டும். 20 சதவீதம் நிற்கும் கடையில் 30,000. கடந்த இரண்டு ஆண்டில் உங்கள் விற்பனை அந்த அளவுக்குக் கூடவில்லை, விலையும் அதற்குமேல் ஏறாது என்றால், ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே இடம் தேடத் தொடங்குங்கள். கெடு நெருங்கிய பிறகு தேடுகிறவர் கிடைத்த வாடகைக்குத் தலையாட்டுவார்.

காலி செய்யும் முன் பேசிப் பாருங்கள். நீங்கள் போய்க் கடை இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால், அவர் கேட்கும் 10 சதவீதத்தால் அந்த நஷ்டத்தை ஈடுகட்ட 20 மாதம் ஆகும். இதைக் கோபமில்லாமல் எழுதிக் காட்டினால் 5-க்கு இறங்குகிறவர்கள் உண்டு. மூன்று ஆண்டு ஒரே விகிதம், புதுப்பிக்கும் உரிமை, கடையை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கும் உரிமை ஆகிய மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.

மாறியே ஆக வேண்டுமென்றால் வாடிக்கையாளர் நடந்து வரும் தூரத்துக்குள் மாறுங்கள். தொலைபேசி எண்ணை மாற்றாதீர்கள், இணைய வரைபடத்தில் முகவரியைத் திருத்துங்கள், ஒரு மாதம் இரட்டை வாடகைக்குப் பணம் ஒதுக்குங்கள். பழைய கதவில் புதிய முகவரிப் பலகை மூன்று மாதம் இருக்கும் என்பதை, சாவியைக் கொடுக்கும் முன் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.