காரணம் சொல்லாத அரசு

அன்புள்ள ஐயா,

நான் மேல்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். பிரெஞ்சுப் புரட்சிப் பாடத்தை ஒவ்வோர் ஆண்டும் ஒரே வரிசையில்தான் நடத்துகிறேன். ‘நானே அரசு’ என்ற பதினான்காம் லூயி, பிறகு வால்டேர், ரூசோ, பிறகு ரொட்டிப் பஞ்சம், பிறகு பாஸ்டில். இந்த முறை ஒரு மாணவி எழுந்து, “மன்னருக்கு எல்லா அதிகாரமும் இருந்ததென்றால், தனக்கு எதிரான புத்தகங்களை அவர் ஏன் அச்சிட விட்டார்?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. புரட்சியைக் கொண்டுவந்தது புத்தகமா, பசியா என்பதிலும் எனக்குத் தெளிவில்லை. விளக்கி எழுத முடியுமா?

ம., திருநெல்வேலி

அன்புள்ள ம.,

அந்த மாணவிக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். அவள் கேட்டதற்கு விடை ஒரு மனிதரின் வாழ்க்கையில் இருக்கிறது. நம் பாடப்புத்தகங்கள் அவர் பெயரைச் சொல்வதில்லை. அவரிடம் வருவதற்கு முன் ஒரு திருத்தம்.

‘நானே அரசு’ என்று பதினான்காம் லூயி சொன்னதற்கு அக்காலச் சான்று எதுவும் கிடையாது. வகுப்பில் அதற்குப் பதிலாக, பதிவில் உள்ள இரண்டு பேச்சுகளைச் சொல்லலாம். 1766 மார்ச் 3 அன்று பதினைந்தாம் லூயி பாரிஸ் பார்லெமாவுக்கு நேரில் சென்று, இறையாண்மை முழுவதும் தன் ஒருவனிடத்தில் மட்டுமே இருக்கிறது என்று அறிவித்தார். (பார்லெமா என்பது நாடாளுமன்றம் அல்ல, உயர்நீதிமன்றம். மன்னரின் ஆணைகளைப் பதிவு செய்வதும் அதன் வேலை.) 1787 நவம்பரில் பதினாறாம் லூயி ஒரு கடன் ஆணையைப் பதிவு செய்யச் சொல்லி அதே மன்றத்துக்கு வந்தபோது, இது சட்டத்துக்குப் புறம்பானது என்று ஓர்லேயான் கோமகன் எழுந்து சொன்னார். நான் விரும்புவதால் இது சட்டப்படியானதே என்று மன்னர் பதில் சொன்னார்.

முழுமுடியாட்சி என்று நாம் சொல்வதன் உயிர் அந்தப் பதிலில் இருக்கிறது. மன்னரால் முடியாதவை ஏராளமாக இருந்தன. ஒரே நாட்டில் ஒரு மாநிலத்தார் உப்புக்குக் கடுமையான வரி கட்டினார்கள். பக்கத்து பிரெத்தாஞ் மாநிலத்தார் பழைய உரிமையைக் காட்டிக் கட்டாமலே இருந்தார்கள். அதை ஒழுங்குபடுத்த எந்த லூயியாலும் முடியவில்லை. ஆனால் செய்ததற்குக் காரணம் சொல்லும் கடமை அவர்களுக்கு இல்லை. மன்னரின் முத்திரையிட்ட ஒரு கடிதம் போதும், ஒருவரை விசாரணையின்றிச் சிறையில் அடைக்கலாம். குற்ற வழக்குகள் மூடிய கதவுக்குள் நடந்தன. தீர்ப்பில் காரணம் எழுதும் வழக்கமே கிடையாது. வந்தவாசியில் தோற்று 1761-இல் புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த தளபதி லல்லியை நம் வாசகர்கள் அறிவார்கள். அவரைப் பாரிஸில் விசாரித்து, மன்னரின் நலனுக்குத் துரோகம் செய்தார் என்று சொல்லி, 1766 மே மாதம் தலையை வெட்டினார்கள். அந்தத் தீர்ப்பு தவறு என்று எழுதத் தொடங்கிய வால்டேர், 1778-இல் அது ரத்தானதைச் சாகும் தறுவாயில்தான் கேள்விப்பட்டார்.

இனி நம் மனிதர். மால்ஸெர்ப், 1721-இல் பிறந்தவர், பெரிய நீதிபதிக் குடும்பம். தந்தை நாட்டின் சான்சலர், அதாவது நீதித்துறைத் தலைவர், ஆனபோது, முப்பது வயது நிரம்பாத மகனிடம் அச்சு, புத்தக வணிகம் முழுவதையும் கண்காணிக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். 1750 முதல் 1763 வரை பிரான்ஸில் எது அச்சேறலாம் என்பதை முடிவு செய்த தலைமைத் தணிக்கையாளர் இவர்தான். திதரோ, தலாம்பேர் என்ற இரு அறிஞர்கள் தங்கள் பெரிய கலைக்களஞ்சியத்தை வெளியிடத் தொடங்கியது 1751-இல். அடுத்த ஆண்டே முதல் இரண்டு தொகுதிகள் தடை செய்யப்பட்டன. 1759-இல் மொத்த அனுமதியும் பறிக்கப்பட்டது. இந்த நெருக்கடிகளில் ஒன்றின்போது நடந்ததைத் திதரோவின் மகள் எழுதி வைத்திருக்கிறார். நாளை உங்கள் தாள்களைப் பறிமுதல் செய்ய ஆணையிடப் போகிறேன் என்று மால்ஸெர்ப் முன்கூட்டியே சொல்லி அனுப்பினார். இத்தனை தாள்களை ஒரே நாளில் எங்கே கொண்டுபோய் ஒளிப்பது என்று திதரோ திகைத்தார். “என் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், அங்கே யாரும் தேட மாட்டார்கள்” என்றார் தணிக்கையாளர்.

இதை ஒரு நல்ல மனிதரின் தனிப்பட்ட இரக்கம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘மௌன அனுமதி’ என்ற ஒரு முறையே நடைமுறையில் இருந்தது. புத்தகத்தில் அரச அனுமதி இருக்காது, பல நேரம் முகப்பில் ஏதோ வெளிநாட்டு ஊரின் பெயர் இருக்கும், ஆனால் காவலர்கள் தொட மாட்டார்கள். அந்த முறையை மால்ஸெர்ப் தாராளமாக விரிவாக்கினார். அரசின் வெளிப்படையான ஒப்புதலோடு வந்த நூல்களை மட்டும் படித்த ஒருவர் தம் காலத்தவரைவிட ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பின்தங்கியிருப்பார் என்று அவரே எழுதினார். தணிக்கைத் துறையின் தலைவர் எழுதிய வரி இது! நான் அவரை மதிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தங்களைத் தாக்கி எழுதிய பத்திரிகையாளர் ஃப்ரெரோனின் வாயை அடைக்க வேண்டும் என்று தலாம்பேர் இவரிடம் முறையிட்டார். சிந்தனைச் சுதந்திரம் பேசிய அறிஞர்! விமர்சிப்பதற்கு எல்லாருக்கும் இடமுண்டு என்று சொல்லி மால்ஸெர்ப் மறுத்துவிட்டார்.

ஆகவே உங்கள் மாணவிக்கு விடை: மன்னர் அச்சிட விடவில்லை, மன்னரின் ஆட்கள் விட்டார்கள். பதவியில் இருந்தவர்களுக்கே காரணம் சொல்லாத அரசின் மீது நம்பிக்கை போய்விட்டிருந்தது. மால்ஸெர்ப் விலகிய பிறகும் அந்தப் போக்கு மாறவில்லை. கலைக்களஞ்சியத்தின் கடைசிப் பத்துத் தொகுதிகள் பாரிஸிலேயே அச்சாகி, சுவிட்சர்லாந்தின் நெஷாத்தேல் நகரப் பெயரைத் தாங்கி விநியோகமானது எப்போது தெரியுமா? இறையாண்மை தன்னிடம் மட்டுமே இருக்கிறது என்று மன்னர் முழங்கிய அதே 1766-இல்.

புத்தகமா, பசியா என்ற கேள்விக்கு 1775 மே மாதத்தின் முதல் சில நாட்களைப் பாருங்கள். தானிய வணிகத்தின் மீதிருந்த கட்டுப்பாடுகள் நீங்கியிருந்தன, விளைச்சலும் மோசம், ரொட்டி விலை ஏறியது. மே 2 அன்று கலகக்கூட்டம் வெர்சாய்க்கு வந்தது, மறுநாள் பாரிஸில் ரொட்டிக் கடைகள் சூறையாடப்பட்டன. மே 11 அன்று எளிய தொழிலாளிகள் இருவரைத் தூக்கிலிட்டதோடு அது அடங்கியது. அரியணை அசையவில்லை. 1709-இன் கொடுங்குளிரும் பஞ்சமும் லட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனபோதும் அசையவில்லை.

இந்தக் கலகத்தின் நடுவே, மே 6 அன்று, வரி வழக்குகளுக்கான நீதிமன்றம் மன்னருக்கு ஒரு நீண்ட முறையீட்டை அனுப்பியது. எழுதியவர் அதன் தலைவர் மால்ஸெர்ப். அவர் இதற்கு முன்பே இப்படி எழுதித் தண்டனை பெற்றவர். கடத்தல்காரன் என்று தவறாக நினைத்து மொன்னெரா என்ற வணிகரை மாதக்கணக்கில் சிறையில் வைத்திருந்த வழக்கில், அமைச்சரின் வெறுப்புக்குத் தப்பும் அளவுக்கு யாரும் பெரியவரில்லை, வரிக் குமாஸ்தாவின் வெறுப்புக்குத் தகுதியில்லாத அளவுக்கு யாரும் சிறியவருமில்லை என்று 1770-இல் எழுதினார். மறு ஆண்டு அந்த நீதிமன்றத்தையே கலைத்து அவரைச் சொந்த ஊருக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்து எழுதியதுதான் 1775-இன் முறையீடு. எந்த ஊர் எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்பது ரகசியமாக முடிவாகிறது, கட்டுகிறவனுக்குக் கணக்குக் காட்டுவதில்லை, முறையிட இடமில்லை, நாட்டின் குரலைக் கேட்க வேண்டும் என்றது அது. பசித்தவர்கள் கேட்டது ரொட்டி. மால்ஸெர்ப் கேட்டது கணக்கு. அந்த மே மாதத்தில் இரண்டு கோரிக்கைகளும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

அவை சந்தித்தது பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, கடனால். அமெரிக்கப் போருக்கு வாங்கியது உட்பட அரசின் கடன் மலைபோல் ஏறி, 1788-இல் செலவில் பாதி கடனை அடைக்கவே போயிற்று. ஆகஸ்ட் 16 அன்று கருவூலம் கையை விரித்தது. குருமார், பிரபுக்கள், பொதுமக்கள் ஆகிய மூன்று வகுப்பாரின் பிரதிநிதிகள் அமரும், 1614-க்குப் பிறகு கூடாத ஸ்டேட்ஸ் ஜெனரல் சபையைக் கூட்டுவதாக மன்னர் அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் அறிவித்திருந்தார். ஊர் ஊராகக் குறைகளை எழுதித் தரச் சொன்னார். அதே ஆண்டு ஜூலையில் ஆலங்கட்டி மழை பயிரை அழித்திருந்தது. பசி பழைய பசிதான். இந்த முறை அரசே எழுதச் சொல்லிக் காகிதத்தை நீட்டியது. எப்படிக் கேட்பது என்பதை நாற்பது ஆண்டுப் புத்தகங்கள் பழக்கியிருந்தன. பல்லாயிரம் மனுக்கள் வந்தன. உப்பு வரி, பிரபுக்களின் வேட்டை உரிமை, வரிவிலக்கு எல்லாம் அவற்றில் இருந்தன.

1789-இன் மனித உரிமைப் பிரகடனத்தில் நீங்கள் மாணவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டியது பதினைந்தாம் பிரிவு. பொதுப்பணியில் உள்ள எவரிடமும் கணக்குக் கேட்கும் உரிமை சமூகத்துக்கு உண்டு என்கிறது அது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வந்த சட்டம், தீர்ப்புகளில் காரணம் எழுதியே ஆக வேண்டும் என்றது. பாஸ்டில் வீழ்ந்ததைவிட இந்த இரண்டும் எனக்குப் பெரிய நிகழ்ச்சிகள்.

மால்ஸெர்ப் கதை அங்கே முடியவில்லை. 1792 டிசம்பரில் பதினாறாம் லூயி விசாரணைக் கூண்டில் நின்றார். அவருக்காக வாதாட அழைக்கப்பட்ட ஒரு பிரபல வழக்கறிஞர் மறுத்துவிட்டார். 71 வயது மால்ஸெர்ப் தாமாகவே, மன்னரை விசாரித்த கன்வென்ஷன் என்ற மக்கள் பிரதிநிதிகள் சபையின் தலைவருக்குக் கடிதம் எழுதினார். எல்லாரும் அந்த வேலைக்கு ஆசைப்பட்ட காலத்தில் இரண்டு முறை என்னை மன்னர் அமைச்சரவைக்கு அழைத்தார், பலர் ஆபத்தென்று கருதும் இப்போது அதே கடமையைச் செய்ய நான் கடன்பட்டிருக்கிறேன் என்றார். வாதம் தோற்றது. 1794 ஏப்ரல் 22 அன்று மகளோடும், பேத்தியோடும், பேத்தியின் கணவரோடும் அவரைக் கில்லட்டினுக்கு அனுப்பினார்கள். இன்னொரு பேத்தி சிறையிலிருந்து உயிர் தப்பினார். அவருடைய மகன்தான், பழைய ஆட்சியையும் புரட்சியையும் பற்றிப் பின்னாளில் ஆழமாக எழுதிய அலெக்ஸி த தொக்வில். மன்னர் முன் மக்களுக்காக வாதாடியவர், பிறகு மக்கள் முன் மன்னருக்காகவும் வாதாடினார் என்று அவர் தம் முன்னோரைப் பெருமையோடு நினைவுகூர்ந்தார்.

அடுத்த ஆண்டு பாடத்தைத் திதரோவின் தாள்கள் மால்ஸெர்ப் வீட்டுக்குப் போகும் அந்த நாளிலிருந்து தொடங்கிப் பாருங்கள். மாணவர்கள் அதற்குப் பிறகு என்ன கேட்டார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.