ரேஞ்ச் 140 என்று மீட்டர் சொன்னால் 140 ஓடுமா?

கேள்வி: என் பைக்குக்கு 13 லிட்டர் டேங்க். இருக்கிற பெட்ரோலில் இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று மீட்டரிலேயே ரேஞ்ச் காட்டும். போன மாதம் மனைவியுடன் பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போனோம். ஆழியாரில் 190 காட்டிய ரேஞ்ச், மேலே போய்ச் சேர்ந்தபோது 108 ஆகிவிட்டது. ஓடியது என்னவோ 40 கிலோமீட்டர்தான். மறுநாள் பெட்ரோலே போடாமல் கீழே இறங்கினோம். ஆழியார் வந்தபோது 140 காட்டியது! சர்வீஸ் சென்டரில் கேட்டால் 'அது அப்படித்தான் சார்' என்கிறார்கள். அடுத்து வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை வழியாகக் கேரளாவிலுள்ள சாலக்குடி போக ஆசை. இந்த ரேஞ்சை எவ்வளவு தூரம் நம்பலாம்?
(பொள்ளாச்சி வாசகர்)

பதில்: உங்கள் மீட்டரில் கோளாறு எதுவும் இல்லை. 190, 108, 140 மூன்றுமே கணக்குப்படி வந்தவைதான். 'அது அப்படித்தான்' என்றவர் சொன்னதும் உண்மைதான். ஏன் அப்படி என்று இரண்டு நிமிடம் ஒதுக்கிச் சொல்லியிருக்கலாம்.

ரேஞ்ச் என்பது ஒரு பெருக்கல். டேங்கில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்பது ஒரு எண். சமீபத்தில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுத்தது என்பது இன்னொரு எண். இரண்டையும் பெருக்கி வருவதைத்தான் திரையில் பார்க்கிறீர்கள். அந்த மைலேஜ் நீங்கள் ஏற்கெனவே கடந்து வந்த சாலையில் கிடைத்தது. முன்னால் இருப்பது ஏற்றமா, இறக்கமா, எதிர்க்காற்றா என்று வண்டிக்குத் தெரியவே தெரியாது.

உங்கள் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். சமதளத்தில் உங்கள் வண்டி லிட்டருக்கு 35 கொடுப்பதாக வைத்துக்கொண்டால், ஆழியாரில் காட்டிய 190க்கு டேங்கில் சுமார் 5.4 லிட்டர் இருந்திருக்க வேண்டும். அங்கிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள், ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஏற்றம். வண்டியும் நீங்கள் இருவரும் சேர்ந்து 310 கிலோ என்றால், அந்த எடையை ஆயிரம் மீட்டர் தூக்குவதற்கு மட்டும் மூன்று மெகாஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பது 32 மெகாஜூல். அதில் கால்வாசிதான் சக்கரத்துக்குப் போய்ச் சேரும், மீதியெல்லாம் சூடாக வெளியேறிவிடும். ஆகவே மலை ஏறியதற்கென்றே 0.4 லிட்டர் அளவுக்குக் கூடுதல் செலவு. 40 கிலோமீட்டர் ஓடியதற்கான வழக்கமான செலவு 1.1 லிட்டர். வளைவுக்கு வளைவு கியர் குறைத்து முறுக்கியதையும் சேர்த்தால் மொத்தம் 1.6 லிட்டர் போயிருக்கும். மைலேஜ் 25. மேலே சேர்ந்தபோது மீதம் 3.8 லிட்டர், ஓடிக்கொண்டிருந்த சராசரி 28க்கு இறங்கியிருக்கும். பெருக்கிப் பாருங்கள், 106 வருகிறது. மீட்டர் காட்டியது 108.

இறங்கும்போது நடந்தது இன்னும் சுவாரஸ்யம். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில், கியரில் இருக்கும்போதே ஆக்ஸிலேட்டரை முழுக்க விட்டுவிட்டால் இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிப்பதையே நிறுத்திவிடும். சக்கரம்தான் அப்போது இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும். வேகம் குறைந்து ஐட்லிங் அளவுக்கு வரும்போது மறுபடி தெளிக்கத் தொடங்கும். இதனால் 40 கிலோமீட்டர் இறக்கத்துக்கு 0.6 லிட்டர் ஆகியிருந்தாலே அதிகம். மீதம் 3.2 லிட்டர். ஆனால் சராசரி இப்போது 44, 45 என்று ஏறி நிற்கிறது. அதனால்தான் 140. அந்த 3.2 லிட்டரை வைத்துக்கொண்டு ஆழியாரிலிருந்து சமதளத்தில் ஓடினால் கிடைக்கப் போவது 112 கிலோமீட்டர். மீட்டர் சொன்னதைவிட 28 குறைவு.

(இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று கிளட்சைப் பிடித்துக்கொண்டோ நியூட்ரலிலோ இறங்குபவர்கள் இருக்கிறார்கள். அப்போது இன்ஜின் ஐட்லிங்கில் ஓடுவதற்குப் பெட்ரோல் செலவாகும், கியரில் இறங்கினால் அதுகூட ஆகாது. இன்ஜின் பிரேக்கிங்கும் போய்விடும். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவது கூடுதல் 'லாபம்'.)

ஆகவே ரேஞ்சை ஒரு பக்கமாக மட்டும் நம்புங்கள். குறைவாகக் காட்டினால் நம்பலாம், அதிகமாகக் காட்டினால் சந்தேகப்படுங்கள். மலை இறங்கி வந்தவுடனும், பைபாஸில் 60 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாக ஓட்டி வந்து ஊருக்குள் நுழையும்போதும் அது காட்டும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

இது பெருக்கலின் ஒரு பாதிதான். 'டேங்கில் எத்தனை லிட்டர்' என்ற மறுபாதி இதைவிட ஆட்டம் காணும். உள்ளே ஒரு மிதவை. மெக்கானிக் பேச்சில் ஃப்ளோட். பெட்ரோல் மட்டம் இறங்க இறங்க அதுவும் இறங்கும். அதன் கம்பியின் மறுமுனை ஒரு மின்தடைப் பட்டையின் மேல் உரசி நகரும். மின்தடை மாறுவதை வைத்து, மீட்டரில் தெரியும் பெட்ரோல் கட்டங்களை வண்டி கணக்கிடுகிறது. டேங்க் செவ்வகப் பெட்டியாக இருந்திருந்தால் தொல்லையே இல்லை. ஆனால் பைக் டேங்கைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். சேஸிஸ் குழாயின் மேல் உட்காருவதற்காக நடுவில் குடைந்து, இரண்டு பக்கமும் தொங்குகிற மாதிரி இருக்கும். மேலே அகலம், கீழே இரண்டு குறுகிய பை. மேல்மட்டத்தில் ஒரு சென்டிமீட்டர் இறங்குவதற்கு ஆகும் பெட்ரோலும் அடிமட்டத்தில் ஒரு சென்டிமீட்டர் இறங்குவதற்கு ஆகும் பெட்ரோலும் ஒன்றல்ல. ஃபுல் டேங்க் போட்டால் முதல் கட்டம் அசையாமல் கல் மாதிரி நிற்பதும், பாதிக்குக் கீழே போனதும் மளமளவென்று இறங்குவதும் இதனால்தான். டேங்கின் உச்சியில் மிதவை முட்டிக்கொண்டு நிற்கும்வரை மட்டம் இறங்குவது மீட்டருக்குத் தெரியாது.

சைடு ஸ்டாண்டில் நிற்கும்போது சாவியைத் திருப்பிப் பார்த்தால் கட்டம் கூடவோ குறையவோ காட்டும், ஏனென்றால் பெட்ரோல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. ஓடும்போது பெட்ரோல் தளும்புவதால் கட்டம் ஆடாமல் இருக்க, வண்டி சில நிமிடச் சராசரியைத்தான் காட்டும். 200 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால் இன்றைய விலைக்குச் சுமார் இரண்டு லிட்டர். சாவியை ஆஃப் செய்யாமலே போட்டால் அந்த இரண்டு லிட்டரைப் பல வண்டிகள் உடனே கண்டுகொள்வதில்லை. நம் ஊரில் பாதிப் பேர் இப்படித் துண்டு துண்டாகப் போடுகிறவர்கள்தான். அவர்களுக்கு ரேஞ்ச் எண் ஏறுக்குமாறாகத் தெரிவதில் வியப்பே இல்லை.

பழைய ஆட்கள் ஏன் மீட்டரே இல்லாமல் நிம்மதியாக ஓட்டினார்கள் என்பதும் இங்கே புரியும். கார்புரேட்டர் வண்டியில் டேங்கின் அடியில் ஒரு பெட்ரோல் டேப் இருக்கும். அதற்குள் இரண்டு வழி, ஒன்று உயரமான குழாய், மற்றது அடிமட்டத்துத் துளை. ஆன் நிலையில் உயரமான குழாய் வழியாகத்தான் பெட்ரோல் வரும். மட்டம் அந்தக் குழாயின் வாய்க்குக் கீழே போனதும் இன்ஜின் திணறும். 'ரிசர்வ் விழுந்திடுச்சு' என்று குனிந்து டேப்பைத் திருப்பினால் மிச்சம் வரும். குழாயின் உயரம் மாறாததால் மிச்சமும் மாறாது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் ஏறக்குறைய எல்லா பைக்கும் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டது, டேப்பும் போய்விட்டது. இப்போது ரிசர்வ் என்பது மீட்டரில் கண் சிமிட்டும் ஒரு விளக்கு, அவ்வளவே.

அந்த விளக்கை நீங்களே அளந்து வைத்துக்கொள்ளலாம். இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் செய்து பார்ப்பதென்றால் இதைச் செய்யுங்கள். உள்ளூரில் ஓட்டிக்கொண்டிருக்கும்போது விளக்கு சிமிட்டத் தொடங்கியதும் நேரே பங்க்குக்குப் போங்கள். வண்டியை நிமிர்த்திப் பிடித்தபடி, நாசில் தானாக நிற்கும்வரை ஃபுல் போடுங்கள். கழுத்துவரை ததும்ப ஊற்றச் சொல்லாதீர்கள். பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரித்தூள் டப்பா ஒன்று இப்போதைய வண்டிகளில் உண்டு, அதற்குள் பெட்ரோலே போனால் கெட்டுவிடும். ரசீதில் 10.2 லிட்டர் என்று வந்தால், விளக்கு எரியும்போது 2.8 லிட்டர் இருந்தது என்று கொள்ளலாம். அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை இப்படிப் பார்த்து, மீதம் மிகக் குறைவாக வந்த எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து அரை லிட்டரைக் கழித்துவிடுங்கள், பம்ப்பால் உறிஞ்ச முடியாமல் அடியில் தங்குவதற்காகவும் ஏற்றத்தில் பெட்ரோல் பின்னால் ஒதுங்குவதற்காகவும். 2.3 லிட்டரை உங்கள் மோசமான மைலேஜான 25ஆல் பெருக்கினால் 57. விளக்கு எரிந்தபின் எந்தச் சாலையிலும் 55 கிலோமீட்டர் உங்களுக்கு உறுதி. திரை என்ன சொன்னாலும் சரி.

யமஹாவின் பல மாடல்களில் ரிசர்வ் விழுந்ததும் ட்ரிப் எஃப் என்று ஒரு தூரக் கணக்கு தானாகவே பூஜ்யத்திலிருந்து ஓடத் தொடங்கும். இன்னும் எவ்வளவு ஓடும் என்று அது ஆரூடம் சொல்லாது, ரிசர்வில் எவ்வளவு ஓடிவிட்டீர்கள் என்று மட்டும் சொல்லும். எனக்கு ரேஞ்சைவிட இதுதான் பிடிக்கும். உங்கள் வண்டியில் அந்த வசதி இல்லையென்றால் விளக்கு எரிந்தவுடன் ட்ரிப் பி-யைப் பூஜ்யமாக்குங்கள், அதே பலன்தான். ட்ரிப் ஏ-யை ஒவ்வொரு ஃபுல் டேங்குக்கும் பூஜ்யமாக்கி வாருங்கள். அடுத்த ஃபுல் போடும்போது ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுத்தால் உண்மை மைலேஜ் கிடைக்கும். மீட்டரின் சராசரி, இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்துப் போடும் கணக்கு. உங்கள் கணக்கோடு சில சதவீதம் கூடக்குறைய இருக்கலாம். எந்தப் பக்கம் தப்புகிறது என்று தெரிந்தால் போதும்.

'முன்னே 40 கொடுத்த வண்டி இப்போ 38 தான் கொடுக்குது, மீட்டர் பொய் சொல்லுது' என்று சிலர் வாதிடுவார்கள். அங்கே மீட்டர் பக்கம்தான் நியாயம். மாறியது பெட்ரோல், அதில் இப்போது எத்தனால் கலக்கிறார்கள். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. 20 சதவீதம் கலந்த பெட்ரோலில் லிட்டருக்கு 6, 7 சதவீத ஆற்றல் குறையும். பழைய வடிவமைப்பு இருசக்கர வாகனங்களுக்கு 3 முதல் 4 சதவீத மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்லியிருந்தது.

ரேஞ்ச் பூஜ்யம் வரும்வரை ஓட்டிப் பார்த்துச் சோதிப்பது மட்டும் வேண்டாம். இன்ஜெக்‌ஷன் வண்டியில் பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது, அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான் அதற்குக் குளிர்ச்சி. அடிக்கடி வறண்டு ஓடினால் பம்ப் ஆயுள் குறையும். அடியில் சேர்ந்திருக்கும் தண்ணீரும் தூசியும் அதன் வாய்க்கே போகும்.

இனி மளுக்கப்பாறை. வால்பாறையிலிருந்து சாலக்குடி நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். நடுவில் வாழச்சால் வரை காடு. செக்போஸ்ட்டில் நேரம் எழுதித்தான் விடுவார்கள், நடுவில் வண்டியை நிறுத்தக் கூடாது. யானை நடமாடும் சாலையில் பெட்ரோல் இல்லாமல் தள்ளிக்கொண்டு வரும் யோசனையே வேண்டாம். ஆனால் உங்கள் கணக்கு சுலபம். பொள்ளாச்சியிலிருந்து சாலக்குடி வரை மொத்தம் 170 கிலோமீட்டர் சொச்சம். முழுக்க ஏற்றம் என்றே வைத்து 25ஆல் வகுத்தாலும் ஏழு லிட்டருக்குள். 13 லிட்டர் ஃபுல் போட்டுக் கிளம்பினால் ரேஞ்சைத் திரும்பிப் பார்க்கவே வேண்டியதில்லை. வழியில் ஊர் சுற்றுவதாக இருந்தால் வால்பாறை டவுனில் மறுபடி நிரப்பிக்கொள்ளுங்கள்.

மலையில் ரேஞ்ச் ஏறி இறங்குவது கோளாறல்ல என்றேன். கோளாறு வேறு மாதிரி இருக்கும். நேரான சாலையில் நான்கு கட்டம் திடீரென ஒன்றாகி மறுபடி நான்காகும். ஃபுல் போட்ட பிறகும் பாதியிலேயே நிற்கும். அல்லது 100 கிலோமீட்டர் ஓடியும் ஒரு கட்டம்கூட இறங்காது. முதல் வகைக்குப் பெரும்பாலும் மின்தடைப் பட்டை தேய்ந்திருக்கும் அல்லது டேங்க் அடியில் ஒயர்களை இணைக்கும் கப்ளர் தளர்ந்திருக்கும். சர்வீஸுக்கு டேங்கைக் கழற்றி மாட்டிய பிறகு வந்த கோளாறு என்றால் முதலில் அந்தக் கப்ளரைத்தான் பார்க்கச் சொல்ல வேண்டும். சில வண்டிகளில் ஃப்ளோட் மட்டும் தனியாகக் கிடைக்கும், சிலவற்றில் பம்ப்போடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், செலவு பல மடங்கு. எனவே 'டேங்க் யூனிட் மாத்தணும் சார்' என்றால், ஃப்ளோட் கம்பியைக் கையால் மேலும் கீழும் நகர்த்தி மல்டிமீட்டரில் மின்தடை சீராக மாறுகிறதா என்று உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள். எங்காவது எண் துள்ளினால் மாற்றுங்கள். சீராக வந்தால் ஒயரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.