இணைப்பின்மேல் அம்பை வைத்தால்

கடிதம்:

தம்பிக்கு,

உங்கள் கட்டுரைகளைப் போனில்தான் வாசிக்கிறேன், சில நாள் மகளின் லப்டொப்பில். இடையிடையே நீல எழுத்தில் 'இங்கே', 'இதில்' என்று இணைப்புகள் வருகின்றன. தொட்டால் எங்கே போய் நிற்கும் என்று தெரியாது. போன கிழமை ஈழகேசரிப் பத்திரிகை பற்றிய கட்டுரையில் ஒரு 'இங்கே'யைத் தொட்டேன். பெரிய பிடிஎப் ஒன்று இறங்கத் தொடங்கி, அன்றைய டேற்றா அத்தோடு சரி. லப்டொப்பில் வேறு சில தளங்களைப் பார்த்தால், மவுஸ் அம்பை இணைப்பின்மேல் வைத்ததும் சின்னப் பெட்டியில் விளக்கம் வருகிறது. நீங்களும் அப்படிப் போடலாமே?

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கொக்குவில்

பதில்:

அன்பின் மாஸ்ரர்,

டேற்றா போனதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். பிழை என்னுடையதுதான். ஆனால் நீங்கள் சொல்லும் மருந்து அதற்குக் கேட்காது. அந்த 'இங்கே'யை நீங்கள் தொட்டது போனில். பெட்டி வருவதோ மவுஸ் அம்புக்கு. விரல் பட்டால் தொட்டதாகவே கணக்கு. தொடாமல் மேலே நிறுத்தி வைத்து விளக்கம் கேட்க விரலுக்கு வழியில்லை. நான் மாய்ந்து மாய்ந்து விளக்கம் எழுதியிருந்தாலும் அன்று உங்கள் டேற்றா போயேதான் இருக்கும்.

(மவுஸையும் சுட்டி என்கிறோம், இணைப்பையும் சிலர் சுட்டி என்று எழுதுகிறார்கள். 'சுட்டியைச் சுட்டியின்மேல் வையுங்கள்' என்று எழுத எனக்குத் துணிவில்லை. ஆகவே அம்பு, இணைப்பு.)

எழுதியும் பார்த்தவன்தான் நான். இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் மொழியில் இணைப்புக்கு டைட்டில் என்று ஒரு பண்பு உண்டு. முகவரிக்குப் பக்கத்தில், இரட்டை மேற்கோளுக்குள் எழுதுவதுதான் பெட்டியாக மிதக்கும். ஒரு மாரிகாலப் பின்னேரம் முழுக்க இருந்து பழைய கட்டுரைகளுக்கு அப்படிப் போட்டேன். அதில் ஒரு விளக்கத்துக்குள் ஒரு நூலின் பெயரை இன்னொரு இரட்டை மேற்கோளில் போட்டுவிட்டேன். அந்தக் குறியைக் கண்டதும் விளக்கம் முடிந்தது என்று பிரவுசர் எடுத்துக்கொண்டது. பெட்டியில் 'இந்தக் கருத்து முதலில் வந்தது' என்பதோடு வசனம் அந்தரத்தில் நின்றது. ஒரு புள்ளி விட்டாலே கடிதம் போடும் என் வாசகர்கள், இதைப் பற்றி மாதக்கணக்கில் மூச்சு விடவில்லை. ஒருவரும் அந்தப் பெட்டியைப் பார்க்கவே இல்லை!

அது ஆதியில் நல்ல யோசனைதான். இணைய வடிவமைப்பில் பெயர்பெற்ற ஜேக்கப் நீல்சன் 1998 ஜனவரியில், இணைப்புகளுக்கு இப்படி விளக்கம் வையுங்கள், 80 எழுத்தைத் தாண்டாதீர்கள் என்று எழுதினார். இணைப்பின் சொற்களே விளங்கும்படி இருக்க வேண்டும், பெட்டி அதற்கு ஈடாகாது என்றும் அதே கட்டுரையில் சொல்லிவைத்தார். எங்களுக்கு முதல் பாதிதான் காதில் விழுந்தது. வலைப்பதிவு எழுதப் பலரும் பாவிக்கும் வேர்ட்பிரஸ் மென்பொருள் 2015 இல், 4.2 பதிப்போடு, இணைப்புச் சேர்க்கும் இடத்திலிருந்து டைட்டில் கட்டத்தையே எடுத்துவிட்டது.

என் மனத்தை மாற்றியது இது எதுவுமில்லை. பார்வையில்லாத நண்பர் ஒருவர் ஒருநாள் என் கட்டுரையைத் தன் கணினியில் கேட்டுக் காட்டினார். அவர் வைத்திருப்பது என்விடிஏ. பார்வையற்ற அவுஸ்திரேலியரான மைக்கேல் கரன் 2006 இல் எழுதத் தொடங்கிய, திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் இலவச மென்பொருள். தமிழையும் வாசிக்கும், கொஞ்சம் மூக்கால் பேசுகிற குரலில். அதில் இன்சேர்ட்டையும் எஃப்7 ஐயும் சேர்த்து அழுத்தினால் பக்கத்தில் உள்ள இணைப்புகள் மட்டும் ஒரு பட்டியலாக வரும். கட்டுரை முழுவதையும் கேட்காமல் வேண்டியதற்குப் போகலாம். அவர் கீழ் அம்புக்குறியைத் தட்டத் தட்ட என் கட்டுரை இப்படிப் பேசியது: இங்கே. இங்கே. இதில். இங்கே. பார்க்க. இங்கே.

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பின்னேரம் முழுக்க இருந்து எழுதிய விளக்கங்கள் எங்கே என்று கேட்டேன். இணைப்புக்குச் சொல் இருந்தால் பட்டியலில் அந்தச் சொல்தான் வரும், டைட்டில் வராது என்றார். வாசித்துக்கொண்டு போகும்போது சில வேளை அதையும் வாசிக்குமாம், சில வேளை விட்டுவிடுமாம். பிரவுசரையும் அவரவர் செய்துவைத்த அமைப்பையும் பொறுத்தது.

பருத்தித்துறைக்குப் போகிற பஸ்ஸின் முன்பலகையில் வெறுமனே 'பஸ்' என்று எழுதி வைத்துவிட்டு, கிட்டப் போய் நிற்கிறவரின் காதில் மட்டும் கொண்டக்டர் 'பருத்தித்துறை' என்று சொன்னால் எப்படி இருக்கும்? நான் செய்தது அதுதான். பலகையில் ஊர்ப்பெயரை எழுதியிருந்தால் வேலை முடிந்தது.

முகவரியைப் பார்த்தாவது ஊகிக்கலாமே என்பீர்கள். ஆங்கில முகவரிக்குச் சரி. தமிழ் விக்கிப்பீடியாவில் யாழ்ப்பாணம் பக்கத்தின் முகவரியை நகலெடுத்து வட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். பெரும்பாலும் விழுக்காட்டுக் குறியும் எண்ணும் ஆங்கில எழுத்துமாக ஒரு முள்வேலிதான் வரும். ஆறெழுத்துச் சொல் அங்கே 99 குறிகளாக நீள்கிறது. க என்ற ஒற்றை எழுத்துக்கே ஒன்பது.

ஆகவே இப்போது விளக்கத்தை வசனத்துக்குள்ளேயே கொண்டுவருகிறேன். 'ஈழகேசரி பற்றி அறிய இங்கே பார்க்கவும்' என்று எழுதுவதில்லை. 'சுன்னாகத்தில் 1930 இல் நா. பொன்னையா தொடங்கிய ஈழகேசரியின் இதழ்கள் நூலகம் தளத்தில் கிடைக்கின்றன' என்று எழுதி, 'ஈழகேசரியின் இதழ்கள்' என்ற சொற்களில் இணைப்பை வைக்கிறேன். வசனம் கொஞ்சம் நீளும், நீளட்டும். கோப்பு இறங்கும் என்றால் பிடிஎப் என்பதும் எத்தனை எம்பி என்பதும் பக்கத்திலேயே வரும். டைட்டிலை அடியோடு விட்டேன் என்றில்லை. கண்டால் சிரிக்கலாம், காணாவிட்டால் நட்டமில்லை என்கிற மாதிரி ஏதாவது இருந்தால் போடுவேன்.

பழைய கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன். இன்னும் பாதிகூட முடியவில்லை. எத்தனை 'இங்கே' எழுதித் தள்ளியிருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது. உங்கள் டேற்றாவைக் குடித்த இணைப்பை நேற்றே மாற்றிவிட்டேன், அளவும் எழுதியிருக்கிறது. அதை மட்டும் மகள் வீட்டு வைஃபையில் திறவுங்கள்.