மஞ்சளாகிப்போன படலங்கள்

அன்புள்ள ஐயா,

கரூர் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து ஓராண்டாகிறது. பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளால் ஆன சூரிய மின்கலப் படலங்கள்தான் என் புராஜெக்ட். ஐப்பசி மழையில் படலங்கள் மஞ்சளாகிப்போய் இரண்டு மாத உழைப்பு வீணானது. ஐரோப்பாவில் பிஎச்.டி. செய்ய ஆசை. எண்பது பேராசிரியர்களுக்கு மெயில் அனுப்பியும் பயனில்லை. அந்த மெயிலின் மாதிரியை இணைத்திருக்கிறேன். இடம் வாங்கித் தர ஓர் ஏஜென்சி ஒன்றரை லட்சம் கேட்கிறது. அம்மா நகையை அடகு வைக்கலாம் என்கிறார். கட்டலாமா?

ச.

அன்புள்ள ச.,

கட்டாதீர்கள். நகை வீட்டிலேயே இருக்கட்டும். ஜெர்மனி, நெதர்லாந்து, சுவீடனில் பிஎச்.டி. என்பது பெரும்பாலும் சம்பளத்துக்கு ஆள் எடுக்கும் வேலை. அறிவிப்புகளை யூராக்சஸ் என்ற ஐரோப்பிய ஆய்வு வேலைவாய்ப்புத் தளத்திலும் பல்கலைக்கழகங்களின் வேலைவாய்ப்புப் பக்கங்களிலும் காசில்லாமல் பார்க்கலாம்.

உங்கள் மெயிலைப் படித்தேன். 'தங்கள் மதிப்புமிக்க ஆய்வகத்தில்' என்று தொடங்கி, பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்துகிற மாதிரி இருக்கிறது. எனக்கு எழுதிய மஞ்சள் படலம் அதில் ஒரு வரிகூட இல்லை. அந்த இரண்டு மாதம் வீணே இல்லை, தம்பி. ஈரம் பட்டுப் படலம் சிதைந்து மஞ்சள் நிற ஈய அயோடைடு மிஞ்சுவதை நீங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். 2009இல் ஜப்பானில் மியாசகா குழு வெளியிட்ட முதல் பெரோவ்ஸ்கைட் மின்கலத்தின் செயல்திறன், அதாவது சூரிய ஒளியை மின்சாரமாக்கும் திறன், 3.8 விழுக்காடு. இன்று அது 25ஐத் தாண்டிவிட்டது. ஆனால் ஈரத்தையும் வெப்பத்தையும் தாங்கிப் பல ஆண்டுகள் உழைப்பது இன்னும் பெரிய கேள்விதான். அதைப் பற்றி எழுதுங்கள். என்ன ஆனது, ஏன் என்று நினைக்கிறீர்கள், அடுத்து என்ன செய்து பார்ப்பீர்கள், அவ்வளவு போதும்.

யாருக்கு எழுதுவது? உங்கள் புராஜெக்ட் அறிக்கையின் பின்பக்கத்தில் மேற்கோள் காட்டியிருக்கிற கட்டுரைகளிலேயே தொடங்குங்கள். இந்தத் துறையில் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் கடைசிப் பெயர் பெரும்பாலும் குழுத் தலைவருடையது. முதல் பெயர் வேலையைச் செய்த மாணவருடையது. பலரும் படிக்காமல் விடுகிற நன்றியுரையைக் கட்டாயம் படியுங்கள், பணம் எந்தத் திட்டத்திலிருந்து வருகிறது என்று அதில் இருக்கும். புதிதாகப் பணம் வந்த குழு ஆள் தேடும். அப்புறம், அந்த முதல் பெயருக்கும் ஒரு மெயில் போடுங்கள். குழுவில் இடம் இருக்கிறதா, தலைவர் எப்படிப்பட்டவர் என்பதை மாணவர்தான் மனம்விட்டுச் சொல்வார். இப்படி ஐந்து மெயில் எழுத ஒரு மாதம் ஆகலாம். ஆகட்டும்.

மேரி கியூரி பெயரில் ஐரோப்பிய ஒன்றியம் பணம் தரும் முனைவர் பட்ட வலைப்பின்னல்களையும் விடாதீர்கள். சேருவதற்கு முந்தைய 36 மாதங்களில், சேரப்போகும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் இருந்தவர்களை அதில் எடுப்பதில்லை. கரூரில் இருப்பது உங்களுக்கு அங்கே சாதகம்.

கூடவே இந்தியாவில் ஆய்வு உதவித்தொகைக்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வையும் எழுதுங்கள். ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயோடு இங்கேயே நல்ல ஆய்வகத்தில் சேர வழி உண்டு. அதை இரண்டாந்தரமாக நினைக்க வேண்டாம்.

பரிந்துரைக் கடிதத்துக்குக் கல்லூரி முதல்வரிடம் போகாதீர்கள். படலங்கள் மஞ்சளானபோது பக்கத்தில் நின்ற உங்கள் வழிகாட்டியிடம் கேளுங்கள்.