வாசகர் கேள்வி – பதில்: நைலில் பாய்மரப் படகு

கேள்வி: வரும் தை மாதம் அப்பச்சிக்குப் பீமரத சாந்தி. அது முடிந்த கையோடு குடும்பத்தில் ஆறு பேர் எகிப்து போகிறோம். அஸ்வானிலிருந்து லக்ஸர் வரை நைல் நதியில் சின்னப் பாய்மரப் படகிலேயே மெதுவாகப் போக ஆசை. ஆத்தாவுக்கு முழங்கால் வலி உண்டு. எந்தப் படகு சரியாக இருக்கும்?
– வாசகி, காரைக்குடி

பதில்: லக்ஸர் வரை பாயிலேயே போகும் எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். ஆற்றுவழி 200 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் எஸ்னா என்ற ஊரில் அணையும், நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகுகளைக் கடத்தும் மதகுப் பாதையும் குறுக்கிடுகின்றன. சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் ஃபெலுக்கா என்ற சிறு பாய்மரப் படகுகள் ஒரு ராத்திரிப் பயணத்தில் ஏறத்தாழ 45 கி.மீ. தள்ளியுள்ள கோம் ஓம்போ பக்கமும், இரண்டு ராத்திரி என்றால் எட்ஃபு பக்கமும் கரை சேரும். மிச்ச தூரத்துக்கு வேன்தான். "லக்ஸர் வரை" என்று பேசி முன்பணம் கொடுத்தவர்கள் பலரும் ஏமாற்றமாக உணர்வது இந்த இடத்தில்தான்.

அடுத்தது காற்று. நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது, காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே வீசுகிறது. பழைய எகிப்தியச் சித்திர எழுத்தில் "தெற்கே போதல்" என்பதற்குப் பாய் விரித்த படகையும், "வடக்கே போதல்" என்பதற்குப் பாய் இல்லாத படகையும் வரைந்தார்கள். ஆற்றின் குணமே அந்த இரண்டு படங்களில் அடங்கிவிட்டது. அஸ்வானிலிருந்து வடக்கே வரும் ஃபெலுக்காவுக்கு நீரோட்டம் துணை, காற்று எதிர். எதிர்காற்றில் எந்தப் பாய்மரமும் நேராகப் போகாது. இக்கரைக்கும் அக்கரைக்குமாகச் சாய்ந்து சாய்ந்து, குறுக்கே வெட்டித்தான் முன்னேறும். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் படகு மறுபக்கம் சாயும், உட்கார்ந்திருப்பவர்களும் சரிந்து உட்கார வேண்டும். காற்று அடியோடு நின்றாலும் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும். எஞ்சின் இல்லாதவர்கள் இந்தத் திசையைத் தேர்ந்தெடுப்பது அதனால்தான்.

இனி ஆத்தாவின் முழங்கால். ஃபெலுக்காவில் நாற்காலி கிடையாது. படகின் வயிற்றை மூடிப் பலகை பரப்பி அதன்மேல் மெத்தை விரித்திருப்பார்கள். பகலில் உட்காருவதும் ராத்திரியில் படுப்பதும் அங்கேயே. நம் வீட்டுத் திண்ணையை ஆற்றில் மிதக்கவிட்டதுபோல இருக்கும், ஆனால் எழுந்து நிற்க முடியாது. பாயின் அடிக்கழி தலைக்கு மேலே இடமும் வலமும் வீசித் திரும்புவதால், வெயிலுக்குக் கட்டும் துணிப்பந்தல் அதற்குக் கீழே தாழ்வாகத்தான் அமையும். கழிப்பறையும் பெரும்பாலும் இல்லை, கரையில் ஒதுங்க வேண்டும். கரைக்கு இறங்க ஒற்றைப் பலகைதான் போடுவார்கள். அகலம் ஓர் அடி இருந்தால் அதிகம், கைப்பிடி இருக்காது. படகுக்காரர் இருவர் ஆளுக்கொரு முனையில் நீளக் கழியைப் பிடித்துக் கைப்பிடியாகக் காட்டினால்தான் பெரியவர்கள் பயமின்றி இறங்கலாம். இருட்டில் நாலு முறை இப்படி ஏறி இறங்குவதை நினைத்துப் பாருங்கள்.

பெரியவர்களுக்கு நாங்கள் சொல்வது தஹபியா என்ற பெரிய பாய்மரப் படகு. இரண்டு பாய்கள், கட்டில் போட்ட அறைகள், அறையோடு கழிப்பறை. எஸ்னாவில் ஏறி அஸ்வானை நோக்கித் தெற்கே போகிற பயணத்தைக் கேட்டு வாங்குங்கள். காற்று முதுகுப்பக்கமிருந்து தள்ளும், சாய்வு குறைவு. காற்று நின்றால் இழுவைப் படகு கட்டி இழுக்கும். செலவு பல மடங்கு கூடும் என்பது உண்மை. அது கட்டுப்படியாகாவிட்டால் அஸ்வானில் விடுதியில் தங்கி, பிற்பகலில் இரண்டு மூன்று மணி நேரம் எலிஃபன்டைன் தீவைச் சுற்ற மட்டும் ஃபெலுக்கா எடுங்கள். பாயில் காற்று நிறைந்து படகு சத்தமில்லாமல் நகரும் அந்தச் சுகம் அதிலேயே முழுதாகக் கிடைக்கும்.

கேள்வி: நாங்கள் நண்பர்கள் நான்கு பேர். ஃபெலுக்காவில் இரண்டு ராத்திரி தங்கப் போகிறோம். கரையில் நிற்கும் படகுகளில் நல்லதை எப்படி அடையாளம் காண்பது?
– வாசகர், தேவகோட்டை

பதில்: வண்ணப்பூச்சையும் கொடியையும் பார்த்து மயங்காதீர்கள். மெத்தையின் ஒரு மூலையைத் தூக்கி, ஒரு பலகையை நீக்கச் சொல்லி அடித்தளத்தைப் பாருங்கள். மரப்படகில் கொஞ்சம் கசிவு இயல்பு. விரற்கடை அளவு நீர் இருந்து பக்கத்தில் இறைக்கும் டப்பாவும் இருந்தால் கவலையில்லை. நான்கு விரல் ஆழத்துக்கு எண்ணெய் மிதக்கும் கறுத்த நீர் நின்றால், அந்தப் படகை யாரும் நாள்கணக்கில் கவனிக்கவில்லை என்று பொருள். இரும்புத் தகட்டுப் படகென்றால் உட்புற மூலைகளில் துரு உரிந்து செதில் செதிலாக நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

பிறகு பாய். முக்கோணப் பாயைத் தாங்கும் சாய்ந்த நீள மரத்தை நம் கடற்கரையில் பருமல் என்போம். அது பாய்மரத்தைவிட நீளமானது, துண்டுகளை ஒட்டுப்போட்டுக் கயிற்றால் வரிந்து கட்டியதாக இருக்கும். அந்த வரிக்கயிறு நைந்து நார் நாராகப் பிரிந்திருந்தால் வேண்டாம். பலத்த காற்றில் முதலில் தளர்வது அந்த ஒட்டுதான். பாயை விரித்துக் காட்டச் சொல்லித் தையல் ஓரமாக வெயில் ஊடுருவுகிறதா பாருங்கள். இன்னொன்றையும் கேளுங்கள்: காற்று மிஞ்சினால் பாயைச் சுருட்ட யார் ஏறுவார்? ஓர் ஆள் பருமல்மேல் ஏறிக் கையால்தான் சுருட்டிக் கட்ட வேண்டும். ஆகவே தலைவரும் ஒரு பையனுமாக இரண்டு பேராவது படகில் வேண்டும்.

படகின் நடுவே தண்ணீருக்குள் இறக்கும் பலகையோ தகடோ இருக்கும். அதை ஏற்றி இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். அது சிக்கிக்கொண்டால் எதிர்காற்றில் படகு முன்னேறாது, பக்கவாட்டில் வழுக்கும்.

எட்டு பேர் படுக்கலாம் என்று சொல்லும் படகு நான்கு பேருக்குத் தாராளம், ஆறு பேருக்குப் போதும். உயிர்காப்பு அங்கிகளை எண்ணிப் பார்த்து, ஒன்றை மாட்டி வாரைப் பூட்டிப் பாருங்கள். கட்டணத்தைத் தலைக்கு இவ்வளவு என்றில்லாமல் படகுக்கு இவ்வளவு என்று பேசுங்கள். சாப்பாடு, குடிநீர், அனுமதிச் செலவு, கடைசியில் வேன், எல்லாம் அதில் சேருமா என்று எழுதி வாங்கி, பாதித் தொகையை இறங்கும்போது கொடுங்கள். பேசியது ஒரு படகு, வந்து நிற்பது வேறு படகு என்பது அடிக்கடி நடப்பதால் பேசி முடித்த படகைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். படகில் என்ன சாப்பிடுவது? குளிர் இருக்குமா?
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: எகிப்தில் சைவத்துக்குப் பஞ்சமில்லை. பெரிய மொச்சைபோன்ற பயற்றை நெடுநேரம் வேகவைத்து மசிக்கும் ஃபூல், அதே பயற்றை அரைத்துப் பொரிக்கும் தாமியா (நம் மசால் வடைக்கு நெருங்கிய உறவு), சோறும் பருப்பும் மக்ரோனியும் கலந்த கோஷரி. ஆனால் சூப்பில் கறிச்சாறு சேர்ப்பதுண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டு நாளுக்கு நாலு பேருக்கு இருநூறு கிராம் பருப்புப்பொடியும் ஒரு சின்ன ஊறுகாய்ப் பாட்டிலும் போதும். நொறுக்குக்கு மாவுருண்டையைவிடத் தேன்குழலும் சீப்புச் சீடையும் நல்லது. காற்றில் மாவுருண்டை உதிர்ந்து மெத்தையெல்லாம் மாவாகும். குடிக்க ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர் பாட்டில் தண்ணீர். ஆற்று நீரைக் குடிக்கவோ அதில் வாய் கொப்பளிக்கவோ கூடாது. கோரை வளர்ந்த ஓரத்துத் தேங்கிய நீரில் கால் வைக்காதீர்கள், நத்தை வழியாகப் பரவும் ஒட்டுண்ணி தோலைத் துளைத்து உடம்புக்குள் போகும்.

மார்கழி, தை ராத்திரிகளில் குளிர் 10 டிகிரிக்கும் கீழே இறங்கலாம், ஆற்றின்மேல் ஈரமும் சேரும். படகில் தரும் ஒரு கம்பளி போதாது. ஆளுக்கொரு கம்பளியும் காது மூடும் தொப்பியும் கொண்டுபோங்கள். பங்குனி தொடங்கித் தெற்கிலிருந்து புழுதிக்காற்று கிளம்பும், அதைத் தவிர்ப்பதே நல்லது.

கேள்வி: அவ்வளவு தூரம் போக வசதியில்லை. நம் பக்கத்தில் பாய்மரப் படகில் போக முடியாதா?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: நம் வட்டாரம் கண்மாயும் ஊருணியுமான பூமி, படகு விடும் ஆறு இல்லை. தொண்டிப் பக்கம் மீன்பிடி வள்ளங்கள் உண்டு, ஆனால் அவை தொழிலுக்கானவை. ஆள் ஏற்றச் சொல்லிக் கேட்காதீர்கள், விபத்து நேர்ந்தால் அவர்கள் பிழைப்பே போய்விடும். ஆலப்புழைக் கெட்டுவள்ளங்கள் என்ற வீட்டுப் படகுகள் ஒரு காலத்தில் கழி ஊன்றியும் பாய் விரித்தும் போனவை, இன்று எல்லாம் எஞ்சின். மெதுவான தண்ணீர்ப் பயணம் போதும் என்றால் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு இருக்கிறது. காரைக்குடி – திருவாரூர் ரயில் பாதையிலேயே முத்துப்பேட்டை நிலையம் உண்டு. வனத்துறை அனுமதி பெற்று விசைப் படகில் காயல்வரை போய்வரலாம். ஐப்பசி, கார்த்திகை மழையைத் தவிர்த்துத் தை, மாசியில் காலை வேளையில் கிளம்புங்கள். வெயில் ஏறுவதற்குள் காயலைப் பார்த்துத் திரும்பிவிடலாம்.