எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு: உணவியல் நிபுணரிடம் கேளுங்கள்

ஸ்லீவ் செய்து பத்து நாள். அம்மா தரும் பருப்புத் தண்ணீர் போதும்தானே?

போதாதும்மா. பருப்பு வெந்து அடங்கியதும் மேலே தெளிந்து நிற்குமே, அதில் வாசமும் உப்பும்தான். புரதம் அடியில் தங்கும் பருப்பில் இருக்கிறது. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பாகத்தை எடுத்துவிடுகிறார்கள். மிச்சமுள்ள இடத்துக்குள்தான் நாளுக்கு 60 கிராம் புரதமாவது போய்ச் சேரவேண்டும். இப்போது திரவக் காலம், அதனால் டாக்டர் எழுதித் தந்த புரதப் பொடியை மோரில் கலந்து, நாள் முழுக்க மடக்கு மடக்காகக் குடியுங்கள். மசித்த உணவுக்கு அனுமதி கிடைத்ததும் அதே பருப்பைக் குழைய வேகவைத்து, மத்தால் கடைந்து சாப்பிடலாம்.

பொடி கிட்னியைக் கெடுக்கும். எங்கள் பாட்டி கஞ்சி குடித்தே தெம்பாக இருந்தார்.

பாட்டிக்கு முழு வயிறு இருந்தது ஐயா. சிறுநீரகக் கோளாறு ஏற்கெனவே இருந்தால் டாக்டரைக் கேட்டுத்தான் அளவை முடிவு செய்ய வேண்டும். மற்றவர்களுக்கு 60 கிராம் அதிகமே இல்லை.

அப்போ கஞ்சியே கூடாதா? முன்பு கேட்டவர் சொன்னதில் என்ன தப்பு?

கூடாது என்று நான் சொல்லவில்லை. நாலு வாய்க்குத்தான் இடம் என்றால் முதல் மூன்று வாய் முட்டையோ பருப்போ மீனோ இருக்கட்டும். கஞ்சி கடைசியில். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். ஒரு கிண்ணம் அரிசிக் கஞ்சி அதற்குப் பக்கத்தில்கூட வராது. சண்டை வேண்டாம், தட்டில் வரிசையை மட்டும் மாற்றுங்கள்.

மூன்று நாளாக எது சாப்பிட்டாலும் வாந்தி. பழகிவிடும் என்கிறார்கள்.

பழகாது. இன்றே அறுவை செய்த மருத்துவமனைக்குப் போங்கள். விடாத வாந்தியில் தயமின், அதாவது வைட்டமின் பி1, சீக்கிரம் தீர்ந்துபோகும். பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, குழப்பமாகப் பேசுவது எல்லாம் அதன் அறிகுறிகள். மூளையை நிரந்தரமாகப் பாதிக்கலாம். தெம்பில்லை என்று பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வது நம் வழக்கம். தயமின் ஊசி போடாமல் குளுக்கோஸ் ஏற்றினால் நிலைமை மோசமாகும். இந்த அறுவை செய்துகொண்டவர் என்பதை ஊசி போடுவதற்கு முன்பே சொல்லுங்கள்.

நாலாம் மாதம். முடி கொத்தாகக் கொட்டுகிறது.

வேகமாக எடை இறங்கும்போது கொட்டும், பெரும்பாலும் திரும்ப முளைக்கும். எண்ணெய் மாற்றிப் பயனில்லை. புரதத்தைக் கூட்டுங்கள், இரும்புச் சத்தைப் பரிசோதியுங்கள்.

இரைப்பை பைபாஸ் செய்தவன். சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டதும் படபடப்பு, வியர்வை, பேதி.

டம்பிங். இனிப்பு வேகமாகக் குடலுக்கு இறங்குவதால் வருவது. இனிப்பை விடுங்கள். சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம், அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

பருப்புத் தண்ணீரில் புரதம்...

முதல் பதிலைப் படியுங்கள்.

எனக்கும் வாந்திதான், ஒரு வாரமாக...

கிளம்புங்கள். குளுக்கோஸுக்கு முன் தயமின், மறக்காதீர்கள்.

குழந்தை எப்போது?

12 முதல் 18 மாதம் தள்ளிப்போடுங்கள். பிறகு ரத்தப் பரிசோதனையோடு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.

ஒரு வருஷமாச்சு, நன்றாக இருக்கிறேன். சத்து மாத்திரைகளை நிறுத்தலாமா?

கூடாது, ஆயுள் முழுக்க உண்டு. பி12 கல்லீரலில் சேமிப்பாக இருப்பதால் குறைவது உடனே தெரியாது. பாதம் மரத்துப்போய் எரிய ஆரம்பிக்கும்போது நரம்பு ஏற்கெனவே கெட்டிருக்கும். இரும்பையும் கால்சியத்தையும் இரண்டு மணி நேர இடைவெளி விட்டுப் போடுங்கள். இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்க வேண்டாம்.