நான்கு நாள் மாத்திரை விட்டதால்தான் கட்டி வளர்ந்ததா?

கேள்வி: அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். ஜெஃபிடினிப் மாத்திரையில் 14 மாதம் நன்றாக இருந்தார். இப்போது ஸ்கேனில் கட்டி வளர்ந்திருக்கிறது. நடுவில் நான்கு நாள் மாத்திரை தர மறந்துவிட்டேன், அதனால்தானா? உடம்புக்கு மருந்து பழகிவிட்டது என்று இணையத்தில் படித்து, ஸ்கேனுக்குப் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் தருகிறோம். தோல் தடிப்பு, நகச்சுற்று இருக்கின்றன. படுத்தால் கூடும் முதுகுவலியும் இரண்டு வாரமாக இருக்கிறது.

பதில்: கடைசியாகப் போகிறபோக்கில் எழுதிய முதுகுவலிதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. புற்றுநோய் உள்ளவருக்குப் படுத்தால் கூடும் முதுகுவலி என்றால், கட்டி தண்டுவடத்தை அழுத்துகிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். இன்றே மருத்துவரிடம் சொல்லி எம்.ஆர்.ஐ. எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். கால் தளர்ந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் பிரியாவிட்டாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள், நள்ளிரவானாலும் சரி. நடக்கும் நிலையில் சிகிச்சை தொடங்கினால் பெரும்பாலும் நடையைக் காப்பாற்றிவிடலாம். கால் விழுந்தபின் மீட்பது கடினம்.

தடிப்பும் நகச்சுற்றும் மாத்திரையின் வழக்கமான பக்கவிளைவுகள். பெரும்பாலும் களிம்பு போதும்.

இனி, உங்களைத் தூங்கவிடாத கேள்வி. அந்த நான்கு நாள் காரணமல்ல. ஒரு சென்டிமீட்டர் கட்டியிலேயே ஏறக்குறைய 100 கோடி செல்கள் உண்டு. எல்லாம் ஒரே அச்சு அல்ல. பிரியும்போதெல்லாம் மரபணுவில் பிழைகள் சேரும். கட்டியை வளரத் தூண்டும் ஒரு புரதத்தின் பள்ளத்தில் உட்கார்ந்துதான் மாத்திரை அதை அடக்குகிறது. அந்தப் புரதத்தின் 790ஆவது இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறினால் போதும், செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. முந்திக்கொண்டு அங்கே உட்கார்ந்துவிடும். மற்ற செல்கள் மடிய, இப்படி மாறிய செல்கள் பெருகும். இந்த மாத்திரைக்கு மசியாமல் போகும் கட்டிகளில் ஏறக்குறைய பாதியில் நடப்பது இதுதான். புற்றுநோய் இப்படிப் பரிணமிக்கிறது என்று அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வாளர் பீட்டர் நோவல் 1976இலேயே எழுதிவிட்டார். பழகியது உடம்பு அல்ல, மாறியது கட்டி.

மருந்தை இடைவெளி விட்டுத் தருவதைப் புராஸ்டேட் புற்றுநோயில் ஆய்வாளர்கள் சோதிப்பது உண்மை. அது இரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற புராஸ்டேட் புரதத்தின் அளவைப் பார்த்துப் பார்த்துச் செய்வது. இணையத்தில் படித்துச் செய்வதல்ல. நீங்கள் செய்வது, மருந்துக்கு இன்னும் அடங்கும் செல்களுக்கும் கதவைத் திறந்துவிடுகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் தருவதை நிறுத்துங்கள், மாத்திரையை அல்ல.

மறுபடி திசுப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். அந்த 790 மாற்றம் இருந்தால் ஒசிமெர்டினிப் என்ற அடுத்த தலைமுறை மாத்திரை வேலை செய்ய நல்ல வாய்ப்பு உண்டு. சிலருக்குக் கட்டி, சிறுசெல் என்ற வேறு வகை நுரையீரல் புற்றுநோயாகவே உருமாறியிருக்கும். அதற்கு வேறு சிகிச்சை. இரத்தப் பரிசோதனையிலும் மாற்றம் தெரியலாம், ஆனால் அதில் தெரியாததாலேயே இல்லை என்று விட்டுவிடக் கூடாது. ஒருநாள் விட்டு ஒருநாள் தந்த விஷயத்தை மருத்துவரிடம் மறைக்காதீர்கள், திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.